வரும் பருவத்தில் மேடை ஏற வேண்டியவை
(விழா அவையில் நிகழ்த்திய உரை)



பங்குனி பிறந்துவிட்டால் தொண்டை நாட்டு ஊர்களில் இரவுக்கு ஓசை வந்துவிடும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். பங்குனியில் தொடங்கும் இப்பருவம் ஆடி வரை நீளும். கூத்துக் குழுக்களுக்கு ஆண்டு வருவாயின் பெரும்பகுதி இம்மாதங்களில்தான் கிடைக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூத்து வாத்தியாரைக் கண்டு, வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, எந்த இரவில் எந்தக் கூத்து என்று முடிவு செய்வர். வில் வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கிருட்டிணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனச் செல்லும் அந்த வரிசையே அவ்வூரின் நாடகப் பருவம். எந்தக் கதை வேண்டும் என்பதை ஊரே கூடித் தேர்கிறது என்பது அதில் கவனிக்கத்தக்கது.

இதே ஊர்களில்தான் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. முகவீணையும் மத்தளமும் கேட்டு வளர்ந்த செவிகள் அவர்களுடையவை. இன்று சமுதாய விழாக்களை ஒட்டி இளைஞர்களும் பிள்ளைகளும் சிறு நாடகக் குழுக்களாகக் கூடுவதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. ஆனால், ‘வரும் பருவத்தில் எதை நடிப்பது?’ என்ற வினா எழும்போது, கைக்கு எளிதில் கிடைக்கும் திரைப்பாடலும் நகைச்சுவைத் துணுக்குமே பெரும்பாலும் விடையாகிவிடுகின்றன. ஏட்டில் இவ்வளவு இருக்க, மேடையில் இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்பதே இன்று எண்ணிப் பார்க்க வேண்டியது.

மேடை ஏறிய கதைக்கும் ஏறாத கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கோவலன் கதை காட்டும். சிலப்பதிகார முழுநூலை உரைகளோடு உ.வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்தார். அதற்கு முன் அந்நூலைக் கற்றவர் மிகச் சிலரே. ஆயினும் கோவலனையும் கண்ணகியையும் மாதவியையும் எழுத்தறியாத உழவரும் அறிந்திருந்தனர். கதைப்பாடலும் கூத்தும் அவர்களுக்கு அதனைக் கொண்டு சேர்த்தன. பின்னர்ச் சங்கரதாசு சுவாமிகள் இயற்றிய கோவலன் நாடகம் ஊர் ஊராகச் சென்றது. ஆனால் இந்த வாழ்வுக்கு ஒரு விலையும் இருந்தது. மக்கள் வழங்கிய கதைப்பாடலில் மாதவி பொருட்பேராசை கொண்டவளாக மாறினாள். கண்ணகி காளியின் பிறப்பாகிவிட்டாள். இளங்கோவடிகள் படைத்த மாதவியோ கோவலனின் துயர் கேட்டுத் துறவு பூண்டவள். மேடை கதையை வாழ வைக்கும். கவனம் இல்லையேல் மாற்றியும் விடும். ஆகவே கதையை அறிந்தவர்களே அதனை மேடைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குரிய தகுதி இச்சமுதாயத்துக்கு உண்டா என்று ஐயுற வேண்டியதில்லை. தமிழில் நாடக மேடையை அளவோடு சொல்லும் பழம்பகுதி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் உடையது அரங்கு. அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். உள்ளே புகவும் வெளியேறவும் இரு வாயில்கள். ஒருபுறமிருந்து வரும் திரை, இருபுறமிருந்தும் வந்து கூடும் திரை, மேலிருந்து இறங்கும் திரை என மூவகை எழினிகள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்பது வரை அடிகள் சொல்லியிருக்கிறார். இன்று ஒளிவிளக்கு அமைப்பவர் முதலில் கவனிப்பதும் அந்நிழலைத்தான். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று அறுவரின் தகுதிகளையும் அக்காதை தனித்தனியே விரித்துரைக்கிறது. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற பின்னரே அரங்கேறினாள். பத்து நாள் ஒத்திகை பெரும் சுமை என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லி வைக்கலாம்.

இனி, வரும் பருவத்துக்கு ஏற்ற கதைகளைக் காண்போம்.

முதலாவது, கவுந்தியடிகளை நடுவில் நிறுத்தும் நாடகம். புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகி மதுரை வரை நடந்தவர் இச்சமணத் துறவி. வயல்வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடுமே என்று நடக்கும் முன்பே எண்ணிக் கலங்கியவர். இத்தகையவர் வழியில் ஒரு கணம் சினம் கொள்கிறார். கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்த இருவரை நரிகளாகுமாறு சபிக்கிறார். நரிக்குரல் கேட்டு அஞ்சிய அவ்விருவருமே, அறியாமையால் செய்தவர்களுக்காக அடிகளிடம் இரங்கி வேண்டுகின்றனர். அடிகளும் பன்னிரண்டு திங்களில் சாபம் நீங்கும் என்று எல்லை வகுக்கிறார். இகழப்பட்டவர்களே இகழ்ந்தவர்களுக்காக மன்றாடும் இக்காட்சிக்கு ஈடான காட்சி கிடைப்பது அரிது. மதுரையில் மாதரியிடம் அடைக்கலம் தந்ததும், நிகழ்ந்தது கேட்டு உண்ணா நோன்பில் உயிர் நீத்ததுமாகக் கதை முடிகிறது. கண்ணகியை அறியாதார் இல்லை என்பதால், பிற சமயத்து அயலாரும் முதற்காட்சியிலேயே இதனோடு ஒன்றிவிடுவர்.

இரண்டாவது, யசோதர காவியம். இதனைக் கூத்தாக நடத்துவதே சிறப்பு. சண்டமாரி கோயிலில் பலியிட ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் கொண்டுவரப்படுகின்றனர். அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகள். அரசன் மாரிதத்தன் முன் அவர்கள் அஞ்சாது நிற்கின்றனர். அஞ்சாமைக்குக் காரணம் கேட்கும் அரசனுக்குத் தம் பழம்பிறப்புகளைச் சொல்லத் தொடங்குகின்றனர். உஞ்சயினி அரசன் யசோதரனின் மனைவி அமிர்தமதி, நள்ளிரவில் யானைப் பாகன் ஒருவனின் பாட்டைக் கேட்கிறாள். பாடியவனின் உருவமோ காணச் சகியாதது. குரலில் மயங்கிய அவள் அவனிடம் செல்வதை அரசன் அறிந்துவிடுகிறான். மனம் உடைந்து தீக்கனவு என்று தாயிடம் சொல்கிறான். தாய் சந்திரமதியோ தெய்வத்துக்குப் பலியிடச் சொல்கிறாள். உயிர்க்கொலைக்கு உடன்படாத அவன், தாயின் சொல்லைத் தட்டவும் இயலாது, மாவினால் ஒரு கோழி செய்து வெட்டுகிறான். மாக்கோழிதானே, அதில் உயிர் ஏது என்று அவையோர் எண்ணும் வேளையில் கதை திரும்புகிறது. மனைவி இட்ட நஞ்சுக்குத் தாயும் மகனும் இரையாகின்றனர். வெட்டியது மாவானாலும் எண்ணியது கொலை. அதனால் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறப்புகளில் துன்புற்ற அவ்விருவருமே இன்று பலிமேடையில் நிற்கின்றனர்.

கூத்துக்கு வேண்டிய அனைத்தும் இதில் உள்ளன. உயர்த்திய வாள், இரவின் பாட்டு, தாய் மகன் வழக்காடல், விலங்கு வேடங்கள், இறுதியில் வாளைக் கீழே வைக்கும் அரசன். கொல்லாமையைப் பற்றி ஒருமணி நேரம் பேசினாலும் பிள்ளைகள் மனத்தில் நிற்காதது, அந்த மாக்கோழி வெட்டப்படும் காட்சியில் நின்றுவிடும். கூத்து மரபில் பயின்ற வாத்தியார் ஒருவரை அழைத்து, அடவையும் பாடல் மெட்டையும் அவரிடமே கற்றுக்கொள்வது நலம். அவருக்குப் பருவமல்லாத மாதங்களில் ஒரு வருவாய். பிள்ளைகளுக்கு ஒரு கலை.

மூன்றாவது, இசை நாடகம். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகம் அதற்கென்றே அமைந்தது போலும். யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று அமர்ந்திருக்கிறாள் விஞ்சையர் மகள் காந்தருவதத்தை. மன்னர் மக்களும் பிறரும் தோற்றுத் திரும்புகின்றனர். சீவகன் வருகிறான். கொடுத்த யாழை அவன் உடனே மீட்டுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து நோக்கிக் குறை சொல்கிறான். ஒன்று நீரில் நின்ற மரம், ஒன்று இடியேறு பட்ட மரம் என்று தள்ளுகிறான். நரம்பில் மயிர் கலந்திருப்பதையும் காட்டுகிறான். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பின்னரே பாடுகிறான். கலைஞன் கருவியை எப்படி அறிய வேண்டும் என்பதைச் சிரிப்போடும் வியப்போடும் காட்டும் பகுதி இது. யாழுக்கு வீணையும், குறைந்தது நல்லதோர் ஆர்மோனியமும் கிடைத்தால் போதும். சங்கீதம் பயிலும் பெண்பிள்ளைகள் தம் திறனைக் காட்ட இதனினும் ஏற்ற கதை இல்லை.

நீலகேசியையும் நடிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பழையனூர் நீலி முனிவரிடம் அறம் கேட்டுத் தெளிந்து, பல சமயத்தாரிடமும் சென்று வாதிடும் அந்நூலை 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் உரையோடு பதிப்பித்தார். நடிக்கத் தக்கதே, ஆனால் ஒரு பருவம் பொறுத்துச் செய்வது நன்று. எதிர்வாதம் செய்பவரை நகைப்புக்குரியவராக ஆக்கினால் அது அயலாரைப் புண்படுத்தும், நூலுக்கும் நீதியாகாது. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இன்று முழுதாக இல்லை. அதன் பாடல்கள் சில எஞ்சியிருப்பதற்கு, அதனை மறுத்த நீலகேசியின் உரையும் ஒரு காரணம். மறுக்கப் புகுந்த நூலே மறுக்கப்பட்ட நூலுக்கு இடம் தந்து காத்தது. எதிராளியின் சொல்லையும் மேடையில் முழுமையாக, மதிப்போடு பேசப் பயின்ற குழுவுக்கே நீலகேசி உரியது.

நாடகம் புலன்களை மயக்குவதன்றோ, அறவழியினர்க்கு அது தகுமோ என்னும் பெரியோர் ஐயமும் புறந்தள்ளத் தக்கதன்று. அதற்கு ஆதிபுராணமே விடை தருகிறது. ஆதிநாதர் அவையில் நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்தின் நடுவிலேயே அவள் ஆயுள் முடிந்துவிடுகிறது. சுவை குன்றாதிருக்க, அதே உருவில் வேறொருத்தியை இந்திரன் கணப்பொழுதில் நிறுத்திவிடுகிறான். அவையோர் எவரும் அறியவில்லை. ஆதிநாதர் மட்டும் அறிந்தார். நிலையாமை உணர்ந்து துறவு பூண்டார். ஆக, முதல் தீர்த்தங்கரரின் துறவுக்கு வாயிலாக அமைந்தது ஓர் ஆடலரங்கே. பார்ப்பவர் எதைக் காண்கிறார் என்பதிலேயே ஆடலின் பயன் உள்ளது.

செயல்முறை குறித்துச் சில சொற்கள். தை முடிவதற்குள் நாடகப் படி எழுதி முடிய வேண்டும். கும்பகோணத்தில் சமணக் குடும்பத்தார் கூடிச் சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்து, அதனை விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு உ.வே. சாமிநாதையர் பெருமகிழ்வு எய்தினார். அந்த உறவின் துணையோடுதான் 1887-இல் அந்நூல் அச்சேறியது. அதுபோல நாடகப் படியையும் முதலில் ஒரு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கேட்கப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை அங்கே தெரியும். பெரியோர் நினைவிலுள்ள பாட்டும் பழக்கமும் அங்கே வந்து சேரும். தேர்வுகள் முடிந்த பின் ஒத்திகையை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். அட்சய திருதியையை ஒட்டிய கோடை விடுமுறையில் அரங்கேற்றம் அமையட்டும். விடியும்வரை ஆடும் கூத்தைத் திருத்தி, மாலை உணவு முடித்து வருவோர் காணும்படி இரண்டு மணி நேரத்தில் நிறைவு செய்யலாம். இரவில் உண்ணாத குடும்பங்களுக்கும் அது இயைபானது.

வேலையின் பொருட்டுச் சென்னையிலும் பிற நகரங்களிலும் குடியேறிய குடும்பங்கள், திருவிழாவன்று காலையில் வந்து மாலையில் திரும்புகின்றன. பூட்டிய வீடுகள் ஊரில் பெருகிவிட்டன. பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் தெரு தெரியும். அத்தெருவில் யார் யார் உறவினர் என்பது தெரியாது. ஒரு நாடகத்தின் ஒத்திகைக்கெனப் பத்து நாள் அந்த வீடுகள் திறக்குமானால், அபயமதியாக நடிக்கும் பெண்ணுக்கு அத்தை புடவை கட்டிவிடுவார். தாத்தா பாட்டின் சந்தத்தைத் திருத்துவார். நூலின் கதையும் உறவின் பெயரும் ஒருங்கே அவள் மனத்தில் பதியும்.

மூன்றையும் ஒரே ஆண்டில் செய்தாக வேண்டும் என்பதில்லை. வரும் பருவத்தில் ஒன்று, இதுவரை அவ்வூர் மேடை காணாத ஒன்று, நன்றாக அரங்கேறினால் போதும். எந்தக் கதை, யார் எழுதுவது, யார் இசை அமைப்பது என்ற மூன்று வினாக்களுக்கும் இவ்விழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் விடை காணுமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொண்டு இவ்வுரை நிறைவுறுகிறது.