இருட்டு விளையாட்டுக்கு ஏற்ற மின்சூள்



காய்ந்த பனையோலையையோ தென்னோலையையோ இறுகக் கட்டி, நுனியில் நெருப்பு வைத்து, அணைந்துவிடாதபடி வீசிக்கொண்டு இரவிலே நடந்தார்கள் நம் முன்னோர். அதற்குச் சூள் என்று பெயர். மின்கலத்தினால் எரியும் கைவிளக்குக்கு மின்சூள் என்று பெயரிட்டவர் எவராயினும் அவர் தமிழை நன்கு அறிந்தவர். பேச்சு வழக்கிலே நாம் அதனை ரோச் என்கிறோம். டேவிட் மிசெல் என்பவர் 1899 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அக்காலத்து மின்கலம் வலிமையற்றது. மின்குமிழின் இழையும் அவ்வாறே. ஆகையால் ஒருகணம் எரித்து மறுகணம் அணைத்தே அதைப் பயன்படுத்தினர். அந்த வழக்கம் நம்முடைய விளையாட்டுக்கு மிகவும் பொருந்துவது என்பதைப் பின்னர் சொல்வேன்.

இரவிலே வெளியிடத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு எத்தகைய மின்சூளை வாங்கிக் கொடுப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயமாகும். சாரணர் பாசறைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரிடம் பாடசாலை ஒரு பட்டியல் கொடுக்கும். போர்வை, தட்டு, கோப்பை ஆகியவற்றோடு 'ரோச் ஒன்று' என்றும் அதில் ஒரு வரி இருக்கும். எத்தகைய ரோச் என்று எவரும் எழுதுவதில்லை. பெற்றோரோ, எப்படியும் பிள்ளை தொலைத்துவிடுவான் என்று எண்ணிக் கடையிலே ஆக மலிவானதை வாங்குவர். அல்லது ஒளி மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்று எண்ணி ஆகப் பிரகாசமானதை வாங்குவர். இரண்டும் தவறாக முடிவதை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். பாசறைகளிலே பிள்ளைகள் பெரிதும் விரும்புவது ஒன்று உண்டு. திறந்த வெளியின் நடுவே ஓர் அரிக்கன் லாம்பு திரி தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கும். காவலர் இருவர் மின்சூளுடன் அதனருகே நிற்பர். ஏனையோர் நூறு மீற்றருக்கு அப்பால், பற்றைகளின் மறைவிலிருந்து புறப்பட்டு, ஓசையின்றி ஊர்ந்து வந்து லாம்பைத் தொடவேண்டும். ஓசை கேட்ட திசையிலே காவலர் ஒருகணம் ஒளி பாய்ச்சலாம். அவ்வொளி எவர்மேல் விழுகிறதோ அவர் வெளியேற வேண்டும். ஒளியை அங்குமிங்கும் வீசித் தேடுதல் ஆகாது. செவியும் பொறுமையுமே இவ்விளையாட்டின் கருவிகள். மின்சூள் அவற்றுக்குத் துணை மாத்திரமே.

இருட்டுக்கு நம் கண் பழகுவதற்கு நேரம் வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்தவனுடைய கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் வரை செல்லும். அப்படிப் பழகிய கண்ணிலே வன்மையான வெள்ளை ஒளி ஒருமுறை விழுந்தால், சேர்த்த பழக்கம் கணப்பொழுதிலே கலைந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆயிரம் லூமென் ஒளியோடு ஒரு பிள்ளை வந்துவிட்டால் அன்றைய விளையாட்டு அவ்வளவோடு முடிந்தது. எதிரே நின்றவன் கண் கூசித் தடுமாறிக் கல்லிலே இடறுவதும் உண்டு. மங்கலான செவ்வொளி இப்பழக்கத்தை அவ்வளவு கெடுப்பதில்லை. ஆதலால், மிகத் தாழ்ந்த ஒளிநிலை ஒன்று உள்ள மின்சூளையே தேடி வாங்குங்கள். ஒளிநிலை மாற்ற முடியாததாயின், சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, முகப்பிலே றப்பர் வளையத்தினால் கட்டிக்கொள்ளலாம். செலவு சில ரூபாய்தான்.

இனி, 2016 ஆம் ஆண்டிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வன்னியிலே ஒரு குளக்கட்டின் அருகில் எங்கள் பாசறை அமைந்திருந்தது. மூன்றாம் இரவு. மாலையிலே மழை தூறி ஓய்ந்திருந்தது. விளையாட்டு முடிந்து ஊதுகுழல் ஊதியபோது எண்ணிப் பார்த்தோம். ஒரு சிறுவன் குறைந்தான். பன்னிரண்டு வயது. பெயர் சொல்லி அழைத்தோம். தவளைச் சத்தத்தைத் தவிர மறுமொழி இல்லை. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் காடு. மழை பெய்த மண்ணிலே இரவில் புடையன் ஊரும் என்பதை அப்பக்கத்தார் அறிவர். தேடப் புறப்பட்டபோதுதான் எங்கள் நிலை எங்களுக்கே தெரிந்தது. பன்னிரண்டு மின்சூள்கள் இருந்தன; ஒழுங்காக எரிந்தவை நான்கு. அந்த நான்கிலும் இரண்டு, குளக்கட்டை அடைவதற்கு முன்னரே மங்கிவிட்டன. சமையற்காரப் பெரியவர் சற்றுத் தாமதித்து, இரண்டு பெரிய பற்றரி போடும் தம்முடைய பழைய அலுமினிய ரோச்சுடன் வந்தார். வற்றிய வாய்க்கால் ஒன்றிலே, கால் சுளுக்கி எழ முடியாமல் கிடந்த சிறுவனை அந்த ஒளியிலேதான் கண்டோம். வாய்க்காலின் கரை உயரமானது. அவன் கூப்பிட்ட குரல் எங்களுக்கு எட்டவில்லை. அவனிடமும் ஒரு மின்சூள் இருந்தது. விழுந்த வேகத்திலே அது அணைந்துவிட்டது. அது மட்டும் எரிந்திருந்தால் அரைமணி நேரம் எங்கள் உயிர் எங்களிடம் இல்லாமற் போயிருக்காது.

மறுநாட் காலை, எரியாத மின்சூள்களையெல்லாம் ஒரு பாயிலே பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மின்சூளைப் பற்றி நான் அறிந்தவற்றிற் பெரும்பகுதியை அந்தப் பாயிலேதான் கற்றேன். வாய்க்காலில் விழுந்த சிறுவனுடையதிலே, மெல்லிய தகட்டினாலான சுருள்வில் வளைந்து, கலத்தைத் தொடாமல் நின்றது. இரண்டிலே மழைநீர் புகுந்திருந்தது. மூடியிலே இருக்கவேண்டிய றப்பர் வளையம் இல்லை. ஒன்றிலே பழைய கலம் கசிந்து, உட்புறம் முழுவதும் வெண்பொடி படிந்திருந்தது. இன்னொன்று பைக்குள்ளே தானாகவே ஆளி அழுத்தப்பட்டு, பகல் முழுவதும் போர்வைக்கு ஒளி கொடுத்துத் தீர்ந்திருந்தது. எஞ்சிய மூன்றும் மின்னேற்றும் வகையின. கலம் உள்ளேயே பூட்டப்பட்டவை. இரண்டு இரவுகள் நன்றாக எரிந்தன. மூன்றாம் இரவுக்கு மின்னேற்றுவதற்குக் காட்டிலே எங்கே போவது? அவற்றின் விலைதான் எல்லாவற்றிலும் அதிகம்.

ஆகவே, பாசறைக்கு வாங்கும்போது கலத்தைக் கழற்றி மாற்றக்கூடிய மின்சூளையே வாங்குங்கள். அதுவும் ஊர்க் கடையிலே கிடைக்கும் கலமாக இருக்கட்டும். பென் ரோச் பற்றரி எனப்படும் சிறு கலம் இரண்டு போடும் வகை பிள்ளையின் கைக்கு அடக்கமானது. பெரிய கலம் இரண்டு போடும் வகை நெடுநேரம் எரியும், பாரமும் அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறியது ஒன்றும், குழு முழுவதற்கும் பொதுவாகப் பெரியது இரண்டும் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

கலத்திலும் வேறுபாடு உண்டு. சாதாரண உலர்கலத்திலே நாகத்தினாலான கோதே ஒரு மின்வாயாகவும் இருப்பதால், பயன்படுத்தப் பயன்படுத்த அக்கோது அரிக்கப்பட்டு மெலிந்து, ஈற்றில் கசிகிறது. காரக் கலம் விலை கூடியது. ஆனால் பன்மடங்கு நேரம் உழைக்கும். கவனியாது விட்டால் அதுவும் கசியும். மாதந்தோறும் இரவு விளையாட்டு நடத்தும் குழுவுக்கு, மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலமே ஈற்றிலே மலிவு. நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். வீட்டிலே ஏற்றி, வேறு ஒரு சோடியையும் எடுத்துச் சென்றால், அது தீர்ந்தாலும் கடைக் கலத்தைப் போட்டுக்கொள்ளலாம். லிதியம் அயன் கலம் வலிமை மிக்கது. ஆயினும் தனியே கழற்றிய லிதியம் கலத்தைச் சிறுவர் கையிலே கொடுப்பதை நான் விரும்புவதில்லை. காற்சட்டைப் பையிலே சாவியோடு உரசி இருமுனையும் இணைந்துவிட்டால் தீப்பற்றவுங்கூடும்.

பெட்டியிலே அச்சிட்ட எண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மின்சூள்களை அளப்பதற்கு அமெரிக்காவிலே 2009 ஆம் ஆண்டில் ஒரு நியமம் வகுக்கப்பட்டது. அதன்படி ஒளி எட்டும் தூரம் என்பது, ஒளியின் செறிவு கால் லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம் வரையுள்ள தூரமாகும். கால் லக்ஸ் என்பது ஏறத்தாழ முழுநிலவின் ஒளி. நூறு மீற்றர் எட்டும் என்று எழுதியிருந்தால், நூறாவது மீற்றரிலே நிற்பவனை நிலவிலே காண்பது போலக் காணலாம் என்பதே பொருள். ஐம்பதாவது மீற்றரிலே ஒளி அதைப்போல நான்கு மடங்காக இருக்கும். எட்டும் தூரத்தை இருமடங்காக்க வேண்டுமானால் ஒளிக்கற்றையின் செறிவை நான்கு மடங்காக்க வேண்டும்; கலமும் அதற்கேற்ப விரைவிலே தீரும். எரியும் நேரம் என்று குறிப்பதும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் இருந்த ஒளி பத்திலொரு பங்காகக் குறையும்வரை செல்லும் நேரமே அது. பத்து மணி நேரம் என்றால் பத்து மணியும் ஒரே ஒளி என்று கொள்ளலாகாது.

பழைய இழைமின்குமிழுக்குப் பதிலாக இக்காலத்து மின்சூளில் இருப்பது ஒளிகாலும் இருவாயி. அதிலே உடைவதற்கு இழை இல்லை. ஆகையால் விழுந்தாலும் தாங்கும். ஒரு வாற்று மின்வலுவுக்கு நூறு லூமென் அளவிலே அது ஒளி தரும். சிறிய காரக் கலம் இரண்டிலும் சேர்ந்துள்ள சக்தி ஏறத்தாழ ஏழு வாற்று-மணி. அப்படியானால் நூறு லூமென் ஒளியை ஐந்தாறு மணி நேரம் பெறலாம், கணக்கு அவ்வளவே. இரண்டு சிறு கலத்தோடு பத்தாயிரம் லூமென் என்று பெட்டியிலே எழுதியிருக்குமானால், அந்தப் பெட்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள். விளையாட்டுக்கு ஐந்து பத்து லூமென் போதும். வழி காண ஐம்பது. தொலைந்தவனைத் தேட நூறு, நூற்றைம்பது. இதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீணே.

நீருக்குத் தாங்குமா என்பதை ஐ.பி.எக்ஸ். என்னும் குறியினால் அறியலாம். நான்கு என்ற எண் இருந்தால் எப்பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். நம் மழைக்கு அதுவே போதும். ஏழு என்றிருந்தால் ஒரு மீற்றர் ஆழத்திலே அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். குளக்கரையிலே விளையாடுவோருக்கு அது நல்லது.

நெற்றியிலே கட்டும் விளக்கைப் பலர் கேட்கிறார்கள். கூடாரம் அடிக்கவும், சமைக்கவும், காயத்துக்கு மருந்து கட்டவும் அதைவிடச் சிறந்தது இல்லை. விளையாட்டுக்கு மட்டும் வேண்டாம். பிள்ளை எவரைத் திரும்பிப் பார்த்தாலும் அவர் முகத்திலேயே ஒளி அடிக்கும்.

கடையிலே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. கலத்தைப் போடச் சொல்லி எரியவிட்டு, உள்ளங்கையிலே தட்டிப் பாருங்கள். ஒளி துடித்தால் தொடுமுனைகள் தளர்ந்தவை. பின்மூடியைக் கழற்றி, றப்பர் வளையம் உண்டா, சுருள்வில் தடித்ததா என்று நோக்குங்கள். திருகுபுரி இரண்டு சுற்றிலேயே கழன்றுவிட்டால் அது நெடுநாள் இராது. ஆளி எளிதில் அழுந்தாததாகவோ, பள்ளத்தில் அமைந்ததாகவோ இருக்கட்டும். தலை உருண்டையாக இருந்தால் சரிவிலே உருண்டோடும். முனைகள் உள்ளது நிற்கும். கறுப்பு நிறத்தைப் பெரியோர் விரும்புவர். புல்லிலே விழுந்த கறுப்பு மின்சூளைக் காலையிலுந்தான் கண்டெடுக்க முடியாது. மஞ்சளும் செம்மஞ்சளும் நல்லவை. மணிக்கட்டிலே மாட்டக் கயிறு கட்டத் துளை வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விலை என்றால், ஆண்டுக்கு மூன்று மலிவு மின்சூள் வாங்கும் வீட்டார், அந்தப் பணத்திலே ஐந்தாறு ஆண்டு உழைக்கும் ஒன்றை வாங்கியிருக்கலாம். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, பாசறைக்கென்று வாங்கிய நல்ல மின்சூள்கள் எத்தனையோ வீடுகளிலே படிக்கும் மேசைக்கு ஒளி கொடுத்தன. அதுவும் கணக்கிலே சேரவேண்டியதே.

வாங்கிய பின் செய்யவேண்டியது ஒன்றே. பாசறை முடிந்ததும் கலங்களைக் கழற்றிவிடுங்கள். பழையதையும் புதியதையும் ஒன்றாக இடாதீர்கள். வலுக்குறைந்தது முதலிலே கசியும். காரக் கலம் கசிந்து வெண்பொடி படிந்துவிட்டால், பஞ்சிலே சிறிது வினாகிரி தோய்த்துத் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் மீளும். எங்கள் சமையற்காரப் பெரியவர் தம் ரோச்சுக்குள்ளே கலங்களை வைத்திருப்பதில்லை. அவை ஒரு பால்மாத் தகரத்திலே, துணியிற் சுற்றித் தனியே கிடக்கும். அன்றிரவு நாங்கள் பதைபதைத்து நின்றபோது அவர் தாமதித்தது அதனாலேதான். தகரத்தைத் திறந்து, இரண்டையும் எடுத்து, திசை பார்த்து இட்டு, மூடியை இறுகத் திருகிக்கொண்டே அவர் எங்களுடன் நடந்து வந்தார்.