இருபது முகக் கட்டையும் வீரனின் பலமும்



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். நான் எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டு. சிரிக்காதீர்கள், உள்ளே கணக்கு இருக்கிறது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்லி நடுவராக இருப்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. சண்டை வந்தால் இருபது முகமுள்ள கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் திறமை எண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டிவிட்டால் அடி விழும். தாயம் ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எங்கள் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. "எல்லாம் கட்டை விழுற அதிர்ஷ்டம்தான்யா, அப்புறம் பலம் எதுக்கு?"

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் கவச எண் 15. முதல் நிலை வீரனின் திறமை எண் பொதுவாக 5. கட்டையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 55 சதவீதம். இருபதாம் நிலைக்கு ஏறியவனுக்குத் திறமை 11. வாய்ப்பு 85 சதவீதம். வருஷக்கணக்கில் ஆடி ஏறியதற்கு இவ்வளவுதானா என்று தோன்றும்.

பலம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் நிலை வீரனுக்கு ஒரு சுற்றில் ஒரே அடி. இருபதாம் நிலையில் நாலு. நாலுமே தவறும் வாய்ப்பு ஏறக்குறைய 2000இல் ஒன்று. முதல் நிலைக்காரன் ஒன்றும் நடக்காமல் நிற்பதோ 100க்கு 45. கட்டை அதே கட்டைதான், உருட்டும் தடவை கூடியிருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. முதல் கம்பெனி இன்டர்வியூவில் பெயர் வராதவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அது ஒரு வீச்சு. அதை வைத்து உங்கள் திறமை எண்ணைத் திருத்தி எழுதிவிடாதீர்கள்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இருபதாம் நிலை வீரனின் அடிப்படைத் திறமையே 20. கவச எண் 15 என்றால், கட்டையில் 1 விழாதவரை அடிதான். பலத்துக்கு மரியாதை, வாஸ்தவம். ஆனால் உருட்டுவது வெறும் சம்பிரதாயம் ஆகிவிட்டது. எனக்கு 2014 பதிப்புதான் பிடிக்கும். கவச எண் 18 உள்ள பெரிய வீரனையும் ஒரு கோப்ளின் அடிக்க 35 சதவீதம் வாய்ப்பு உண்டு. இருபது கோப்ளின்கள் சேர்ந்து அம்பு விட்டால் சராசரியாக ஏழு தைக்கும். பல வீச்சு என்ற பலம் கூட்டத்துக்கும் உண்டு பாருங்கள்.

சரி, முதல் நிலைக்காரன் என்ன செய்வான்? 'அட்வான்டேஜ்' என்று ஒரு விதி. மறைந்திருந்து அடித்தாலோ, எதிரியின் பக்கத்தில் நிற்கும் தோழன் தன் முறையைச் செலவழித்து உதவினாலோ, இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தவறினால்தான் அடி தவறும். 55 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகிறது. இருபதாம் நிலைக்காரனின் 85க்குப் பக்கத்தில் வந்துவிட்டான், முதல் நாளே!

இலவசமில்லை. தோழனும் வீரன் என்றால் இருவரும் தனித்தனியே அடிப்பதே லாபம், சராசரி 1.1 அடி, உதவினால் 0.8தான். அதனால்தான் மந்திரவாதி கூடவே ஓர் ஆந்தையை வைத்துக்கொள்கிறார். வரவழைத்த அந்த ஆந்தை எதிரியைத் தாக்க விதியில் இடமில்லை, உதவ இடமுண்டு. எங்கள் மேஜையில் அதிகமான கோப்ளின்கள் விழுந்ததற்குக் காரணம் அந்த ஆந்தைதான் என்பது என் கட்சி. வீரனாக ஆடுகிறவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

மாலை தேநீருக்குப் பிறகு டிராயிங் ஹாலில் கட்டைகளோடு இருப்பேன். ஆட விரும்புகிறவர்கள் வரலாம்.