தீயணைப்பு வண்டிக்கு வழி விடுவோம்

(புனே, கேம்ப் பகுதியில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் ஆன்மிகம் அல்லது ஆரோக்கியம் பற்றிப் பேசுவதே வழக்கம். தீயணைப்புத் துறையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். அக்னி சாட்சியாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாம். அந்த அக்னியை அடக்கத் தெரிந்தவர்களைப் பற்றிச் சிறிது நேரம் கேட்பதில் தவறில்லை என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

ஊருக்குப் பொதுவான தீயணைப்புப் படை என்பது அவ்வளவு பழைய ஏற்பாடு அல்ல. 1666-இல் லண்டன் மாநகரம் எரிந்த பிறகு, அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்தான் சொந்தமாக ஆட்களை வைத்துத் தீயை அணைத்தன. பம்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலை போலீஸாரின் பொறுப்பில் தொடங்கியது. அப்போது வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நாடு முழுவதும் தீயணைப்பு வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். 1944-இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சு மூட்டைகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. வீரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே, மாலை நான்கு மணிக்குமேல் அது வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றியவர்கள் யாரோ. உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள். இந்தத் துறையின் சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இனி நம் கேம்புக்கு வருவோம். 1817-இல் பிரிட்டிஷார் ஏற்படுத்திய ராணுவக் குடியிருப்பு இது. புனே மாநகராட்சியோ 1950-இல்தான் உருவாயிற்று. அதனால் கேம்பில் கன்டோன்மென்ட் போர்டுக்கென்று ஒரு தீயணைப்புப் பிரிவு, மாநகராட்சிக்கென்று வேறொரு பிரிவு என்று ஏற்பட்டது. பெரிய தீ என்றால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

2021 மார்ச் மாதம் அப்படித்தான் செய்தன. 16-ஆம் தேதி விடியற்காலையில் சிவாஜி மார்க்கெட்டில் தீ. பத்தே நாளில், 26-ஆம் தேதி இரவு, எம்.ஜி. ரோடு ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் தீ. நம் பேரன் பேத்திகள் பேரம் பேசித் துணி வாங்கும் அதே இடம்தான். நூற்றுக்கணக்கான கடைகள் சாம்பலாயின. இரவு நேரமானதால் தீயில் யாரும் சாகவில்லை. ஆனால், விடிய விடிய நின்று வேலை செய்த கன்டோன்மென்ட் தீயணைப்புப் பிரிவின் தலைமை அதிகாரி, வீடு திரும்பும் வழியில் சாலை விபத்தில் காலமானார். எம்.ஜி. ரோடு போகும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பிரதானமான இடைஞ்சல் கடைகளுக்கு நடுவே இருந்த இடுக்குச் சந்துகள். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும் ஒரு வண்டி, நிமிடத்துக்கு 900 லிட்டர் வீதம் இறைத்தால் ஐந்தே நிமிடத்தில் காலியாகிவிடும். உடனே அடுத்த வண்டி அந்த இடத்துக்கு வர வேண்டும். காலி வண்டி வெளியே போய் நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆகவே ஒரு வண்டி நுழைய வழி இருந்தால் மட்டும் போதாது. போகவும் வரவும் வழி வேண்டும். நம் சொஸைட்டி வாசலில் குறுக்கே நிறுத்தும் ஒரு கார், இந்தச் சங்கிலியையே அறுத்துவிடும்.

2004-ஆம் ஆண்டை நம்மவர்கள் மறக்க முடியாது. அந்த ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. வீடியோ விளக்குக்குப் போன மின்சார ஒயரிலிருந்து நெருப்பு வந்ததாகச் சொன்னார்கள். இறங்குவதற்கு இருந்ததோ குறுகலான படி. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கேயும் கீற்றுக் கூரை, அங்கேயும் குறுகலான வழி. தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், வெளியேற வழியில்லாத கட்டடத்தில் அவர்கள் என்னதான் செய்ய முடியும்?

இந்தத் துறையின் வேலையில் பாதி, தீ பிடிப்பதற்கு முன்பே நடக்கிறது. கட்டடத்தைப் பார்வையிடுவது, சான்றிதழ் தருவது, குறைகளைச் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். மகாராஷ்டிரத்தில் 2006-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. அவர்கள் செய்யும் இந்தப் பாதி வேலை பலிக்க வேண்டுமானால் நம் ஒத்துழைப்பு வேண்டும்.

கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனால் சமையற்கட்டையும் ஏ.ஸி.யையும் பார்க்கிறோம். இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், முகூர்த்த நாள் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த மண்டபத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் ஜிகினாத் துணி அலங்காரம் வேண்டாம்.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நான் படித்த பௌதிகம் சொல்வது இதுதான்: தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும், எரியும் எண்ணெயை அது கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிடுங்கள். காற்று இல்லாமல் தீ தானே அடங்கும். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறவுங்கள். அடங்காத தீ என்றால் வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள். விலாசத்துடன் அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்லி, ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டுங்கள்.

இங்கே வந்திருப்பவர்களும், வெவ்வேறு ஊர்களில் இதை நம் பத்திரிகையில் படிப்பவர்களும், இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்தால் போதும். மாடிப்படியில் பழைய சைக்கிள், செய்தித்தாள் கட்டு, உடைந்த நாற்காலி ஏதாவது இருந்தால் அப்புறப்படுத்துங்கள். நம்மைக் காப்பாற்ற யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை அந்தப் படியில்தான் ஏறி வர வேண்டும்.