வாயு என்று எண்ணிய வலி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவம் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலந்தள்ளும் எங்களுக்குத் தகுதி யாதும் இல்லை. எங்கள் இல்லத்தில் நேர்ந்த தவறு மட்டுமே உண்டு. அதைச் சொல்லலாம் என்று தாயார் அனுமதி தந்திருக்கிறார்கள். முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஓரிரவு, உணவு முடிந்த சிறிது நேரத்தில் தாயாருக்கு மேல்வயிற்றில் வலி கண்டது. அது முதுகு வரை ஊடுருவிற்று. மல்லாந்து படுத்தால் மிகுந்தது. முன்புறம் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிந்தது. ஓயாத வாந்தி வேறு. வாயு என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஓமநீர் கொடுத்தோம்; பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினோம்; அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தந்த சூரணத்தையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் நண்பகலில்தான் மருத்துவமனைக்குச் சென்றோம். ஓமத்தின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அது செரியாமைக்கு உரியது, இதற்கு உரியதன்று.

மாரடைப்பும் சில வேளை மேல்வயிற்று வலியாகத் தோன்றுமாதலால் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு இரத்தத்தில் லைபேஸ் என்னும் நொதியை அளந்தார்கள். அது இயல்பான உச்ச அளவைப்போல் மும்மடங்குக்கு மேல் இருந்தது. வலியின் தன்மையும் இந்த அளவும் சேர்ந்தால், கணைய அழற்சி என்று முடிவு செய்ய அதுவே போதுமாம். அல்ட்ராசவுண்ட் படத்தில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் கிடக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் அதுவே சுரக்கிறது. எங்கள் தொழில் வழக்கில் சொன்னால், பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் குடல் என்னும் நிலையத்துக்குள் நுழையுமுன் ஒன்றாய்க் கூடும் இரு கிளைப்பாதைகள். அந்தக் கூடுமிடத்தில் ஒரு சிறு கல் வந்து நின்றால் இரண்டும் அடைபடும். உணவைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே செரிக்கத் தொடங்கும். மதுவும் இந்நோய்க்குப் பெருங்காரணம் என்பதை, எங்கள் அலுவலக நண்பர்கள் சிலர் முகம் சுளித்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ரயில்வே ஊழியர்களிடம் மல்ஹோத்ரா என்னும் மருத்துவர் செய்த ஆய்வொன்று 1968இல் வெளிவந்தது. தென்னாட்டு ஊழியரைவிட வடநாட்டு ஊழியரிடம் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு மிகுதி என்று அது கூறிற்று. இங்கு வந்து குடியேறிய நாம் எந்தக் கணக்கில் சேர்வோம் என்று யோசித்ததுண்டு.

வீக்கத்தை உடனே ஆற்றும் மருந்து எதுவும் இல்லை. நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள், வலியைத் தணித்தார்கள். பல நாள் பட்டினி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அது பழைய முறையாம். வாந்தி நின்றதும், இரண்டாம் நாளே கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள்தாம் அஞ்சினோம்.

வீடு திரும்புமுன் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மீண்டும் வரும் என்று மருத்துவர் இருமுறை எச்சரித்தார். மே மாதம் ஊரில் குலதெய்வப் பொங்கல்; விடுமுறைப் பாஸ் எழுதியாயிற்று, படுக்கையும் பதிவாயிற்று. போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றோம். தாயாரும் அதையே விரும்பினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. மறுத்து ஒப்பமிட்டவர்கள் நாங்கள்.

ஊர் செல்லும் ரயில் இடார்சியைத் தாண்டியதும் அதே வலி. நாக்பூர் வந்து சேரும் வரை அந்தப் பெட்டியில் நாங்கள் பட்டதை விவரிக்கப் போவதில்லை. இம்முறை கணையத்தின் ஒரு பகுதி அழுகிவிட்டது. சீழ் சுற்றிலும் உறைகட்டும் வரை காத்திருந்து, ஐந்தாம் வாரத்தில் குழாய் செலுத்தி வடித்தார்கள். பித்தப்பையை அதற்கும் பின்னரே எடுக்க முடிந்தது. குலதெய்வத்துக்கு அவ்வாண்டு பொங்கல் இல்லை.

அதன்பின் தாயாருக்கு நீரிழிவு வந்தது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும் உடல் மெலிவும் கண்டபோது, கணைய நொதி போதவில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். அதை வெறும் வயிற்றில் காப்பியோடு விழுங்கச் செய்து, பயனில்லை என்று ஒரு மாதம் அலுத்துக்கொண்டோம். சோற்றோடு சோறாகக் கலந்தால்தான் அது வேலை செய்யுமாம்.

இக்காலனியில் இரண்டொரு வீடுகளில் பித்தப்பைக் கல் பற்றிய அறிக்கைகள் பீரோவில் உறங்குவதை அறிவோம். தொல்லை தராத கல்லுக்கெல்லாம் அறுவை வேண்டியதில்லை என்பதே மருத்துவர் சொன்னது. ஆனால் ஒருமுறை கணையம் வீங்கியவர் நிலை வேறு. முதுகுக்கு ஊடுருவும் வலி நள்ளிரவில் கண்டால் எங்கள் கதவைத் தட்டுங்கள். ஆட்டோக்காரர் கைப்பேசி எண் எங்களிடம் இருக்கிறது. மருத்துவமனையில் லைபேஸ் பார்த்தீர்களா என்று கேட்க மட்டும் கூசாதீர்கள்.

இன்றைய விருந்தில் தாயாருக்கு இலை போடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பாயசத்தை வற்புறுத்த வேண்டாம். முதற்கவளத்தோடு மாத்திரை விழுங்க ஒரு தம்ளர் நீர் முன்னதாகவே வைத்துவிடுங்கள்.