குப்பியோவின் ஒரு சென்டிமீட்டர் களிமண்

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவு என்றதும் டைனோசர் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். விண்கல் விழுந்த கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் டைனோசர் எலும்பு அகப்படுவது அரிது. அவை ஒரே அடியில் மாண்டனவா, மெல்லத் தேய்ந்தனவா என்று அந்தச் சில எலும்புகளை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. கடலடிச் சேற்றுக்கு அந்தக் குறை இல்லை. ஒரு தேக்கரண்டிச் சேற்றை அரித்தாலே ஆயிரக்கணக்கில் ஃபொராமினிஃபெரா ஓடுகள் தேறும்.

ஓரணு உயிரான ஃபொராமினிஃபெரா கட்டிக்கொள்ளும் சுண்ணாம்பு ஓடு, அது செத்தபின் கடலடியில் போய்ப் படியும். சேற்றை ஊறவைத்து, சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமை வேண்டிய வேலை.

இத்தாலியின் குப்பியோவில் அப்படிக் கழுவ முடியாது. அங்கே சேறு இளஞ்சிவப்புப் பாறையாக இறுகிவிட்டது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும். இசபெல்லா பிரெமொலி சில்வாவும் ஹான்ஸ்பீட்டர் லூட்டர்பாக்கரும் அப்படித்தான் பார்த்தார்கள். அழிவின் எல்லையில் இருந்த களிமண் பட்டை ஒரு சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே பெரிய, அலங்காரமான குளோபோட்ரங்கானா என்ற ஃபொராமினிஃபெரா வகையின் ஓடுகள். மேலே அவற்றில் ஒன்றும் இல்லை; பொடிப்பொடியாக ஒரு புதிய இனம் மட்டும். ஊரின் பழம்பெயரால் அதற்கு யூகுபினா என்று 1964இல் பெயரிட்டார்கள். மீண்டும் சொல்லலாம்: கீழே பெரியவை, மேலே பொடி, நடுவே ஒரு சென்டிமீட்டர்.

ஆல்வரெஸ் தந்தையும் மகனும் ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகியோருடன் சேர்ந்து அந்தக் களிமண்ணில், விண்கற்களில் மிகுந்திருக்கும் இரிடியம் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு இருப்பதாக எழுதியது 1980இல். எங்கே தோண்ட வேண்டும் என்று 16 ஆண்டு முன்பே காட்டிய நுண்ணோக்கிக்காரர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

யூகுபினா எவ்வளவு சிறிது என்பது இந்த உரையாளருக்குக் கைப்பட்டுத் தெரிந்தது. வேறோர் இடத்து மென்சேற்றைக் கழுவியபோது சல்லடைக் கண் சற்றுப் பெரிது. அத்தனையும் கழுவுநீரோடு போய்விட்டது. நுண்கண் சல்லடையில் மறுபடி கழுவிய பிறகே, மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குகூட இல்லாத அந்த ஓடுகள் தட்டில் நின்றன.

அழிவுக்குத் தக்காண எரிமலைகளே காரணம் என்போரும் உண்டு. நெதர்லாந்தின் கெயுல்ஹெமர்பெர்க் குகைச் சேற்றிலிருந்து எடுத்த ஃபொராமினிஃபெரா ஓடுகளில், கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் போரானை அளந்து 2019இல் வெளியான ஆய்வு அந்த வாதத்தை நன்றாகவே அசைக்கிறது. எரிமலைகள் காரணமென்றால் எதிர்பார்க்கக்கூடியதுபோல், அழிவுக்கு முன் கடல் படிப்படியாக அமிலமாகவில்லை. விண்கல் மோதலை ஒட்டித்தான், திடீரென்று, பிஎச் அளவு சுமார் 0.25 இறங்கியது. திடீரென்று என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

ஃபொராமினிஃபெராக்களில் கடலின் மேல்மட்டத்தில் மிதந்தவை ஏறத்தாழ அடியோடு அழிந்தன. கடலடியில் வாழ்ந்தவையோ பெரும்பாலும் பிழைத்தன. 2016இல் விண்கல் விழுந்த மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்தையே துளையிட்டு எடுத்த சேற்றில், மோதல் நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஃபொராமினிஃபெராக்கள் அங்கே குடியேறியிருந்த தடம் இருக்கிறது.