4 மில்லிமீற்றர் இடைவெளி



வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவம், வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று கணக்கு வழக்குகளைப் பற்றித்தான் உங்களோடு பேசுவேன். இன்று ஒரு பழைய றேஸ் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளருக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இதுவும் ஒரு கணக்குத்தான் நேயர்களே. நான் பிழைவிட்ட கணக்கு.

1994ஆம் ஆண்டு, லண்டனுக்கு வந்து ஒரு வருடம் ஆனபோது, 35 பவுணுக்கு இந்தச் சைக்கிளை வாங்கினேன். ஊரில் எடுத்த வணிகப் பட்டத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் கணக்கியல் வகுப்பு. பஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் சைக்கிள். அப்போதே அது பத்து வருடம் பழையது. சட்டகத்தில் "531" என்று ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. அது பேர்மிங்ஹாம் நகரின் ரெனோல்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய உருக்குக் குழாயின் பெயர் என்பதும், அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் விரும்பிய குழாய் அது என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.

கலியாணம் முடிந்தது, கார் வந்தது. சைக்கிள் கராஜுக்குள் போனது. 2024ஆம் ஆண்டு கோடையில் என்னுடைய மகள், "அப்பா, அதைத் திருத்தித் தாங்கோ, நான் வேலைக்கு ஓடுறன்" என்று கேட்டாள். நேயர்களே, என் மனம் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னால் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே பிள்ளை தானாகவே வந்து அந்தப் பாட்டின் ஒரு துண்டைக் கேட்கிறாள்.

மூன்று சனிக்கிழமைகள் வேலை செய்தேன். செயின், பிறேக் கம்பி, பிறேக் கட்டை எல்லாம் புதிது. முன் சில்லின் றிம் பிறேக் உராய்ந்து உராய்ந்து குழி விழுந்திருந்ததால் அந்தச் சில்லையும் புதிதாக வாங்கினேன். பிறகு ரயர். பழைய ரயர் 23 மில்லிமீற்றர் அகலம். இப்போது எல்லோரும் அகலமான ரயர்தான் போடுகிறார்கள். அதில் குலுக்கல் குறைவு, பிடிப்பும் நல்லது. லண்டன் வீதிகளின் பள்ளங்களை நினைத்து, பிள்ளைக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று 28 மில்லிமீற்றர் ரயர் வாங்கினேன்.

28 என்ற எண்ணைக் கண்டதும் ஒரு பழைய பாசம் வேறு. ஊரில் எங்களுடைய பெரிய சைக்கிளின் ரயரிலும் 28 என்றுதானே இருக்கும். ஆனால் அந்த 28 சில்லின் உயரம், அங்குலக் கணக்கு. இந்த 28 ரயரின் அகலம், மில்லிமீற்றர் கணக்கு. எண் ஒன்று, பொருள் வேறு. ஊர்ச் சைக்கிளில் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரல் நுழையும். மாரி காலத்தில் ஒழுங்கைச் சேறு அப்பினாலும் சில்லு சுற்றிக்கொண்டே இருக்கும். ரயருக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை.

பந்தயச் சைக்கிள் அப்படியல்ல. சட்டகத்தைக் கட்டையாகவும் இறுக்கமாகவும் செய்வார்கள். மெல்லிய ரயர் போட்டு, காய்ந்த வீதியில் வேகமாக ஓடுவதற்காகப் பிறந்த வண்டி அது. முன் சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் காலை நாங்கள் போர்க் என்று சொல்வோம். அந்தப் போர்க்கின் தலைக்கும் ரயருக்கும் நடுவில் என்னுடைய வண்டியில் இருந்த இடம், பழைய 23 ரயரோடு, 7 மில்லிமீற்றர் மட்டுமே.

இனிக் கணக்கைக் கேளுங்கள். ரயர் உருண்டையான பொருள். அகலம் கூடினால் உயரமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். 23 போய் 28 வந்தால் 5 மில்லிமீற்றர் உயரும். மிச்சம் 2. அதோடு முடியவில்லை. ரயரில் அச்சிட்ட அகலம் நிரந்தரமானதல்ல. றிம்மின் உள் அகலம் கூடினால் ரயரும் விரியும். நான் வாங்கிய புதிய றிம் பழையதை விட அகலம். முழுக் காற்றும் அடித்த பிறகு அந்த 28 உண்மையில் 29 ஆகியிருந்தது. மிச்சம் 1 மில்லிமீற்றர்.

இதையெல்லாம் நான் பிறகுதான் அளந்தேன். அன்று செய்தது என்ன தெரியுமா? ரயரில் அரைக் காற்று இருந்தபோது, சட்டைப் பையில் இருந்த கடைத் துண்டு ஒன்றை எடுத்து ரயருக்கும் போர்க்குக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன். தாள் போய் வந்தது. சில்லைச் சுற்றினேன். தட்டவில்லை. "சரி" என்று எனக்கு நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு நிறுவனம் இப்படி ஒரு கணக்கைக் கொண்டு வந்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன். கையிருப்பு பூச்சியத்துக்கு மேல் இருக்கிறது என்பதற்காக அந்த நிறுவனம் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆகாது. ஒரு எதிர்பாராத செலவு வந்தால் தாங்குமா என்பதே கேள்வி.

அந்த எதிர்பாராத செலவு ஒக்ரோபர் மாதம் வந்தது. கால்வாய்க் கரைப் பாதையில், மழை விட்ட காலையில், மகள் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறாள். ஈர ரயரில் ஒட்டிய சிறு கல் ஒன்று மேலே சுற்றி வந்து போர்க்கின் தலைக்குள் இறுகிவிட்டது. பின் சில்லு இறுகினால் வண்டி இழுபடும், தேயும், நிற்கும். முன் சில்லு இறுகினால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். ஹான்டிலுக்கு மேலால் விழுந்து மணிக்கட்டு எலும்பு வெடித்து, ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தாள். தலைக்கவசம் போட்டிருந்தபடியால் அதோடு போயிற்று. கால்வாய்ப் பக்கம் விழாமல் மற்றப் பக்கம் விழுந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வைத்தியசாலையில் காத்திருந்தபோது அவள் ஒன்று சொன்னாள். "இரண்டு கிழமையா இடைக்கிடை சர்ரெண்டு ஒரு சத்தம் கேட்டது அப்பா. சொன்னா நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு சொல்லேல்லை. அது உங்கட சைக்கிள் எல்லோ."

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ரயர் பொருந்த வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அதனால் அளக்கவில்லை. அப்பாவின் சைக்கிள் சரியாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், அதனால் சொல்லவில்லை. இரண்டு பேருடைய அன்பும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையை விழுத்தியது.

நேயர்களே, உங்கள் கராஜிலும் ஒரு பழைய சைக்கிள் இருக்கலாம். திருத்த நினைத்தால் இதைச் செய்யுங்கள். ரயரின் பக்கவாட்டில் 25-622 போல ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரயர் உட்காரும் றிம்மின் விட்டம். இரண்டாவது எண் றிம்மோடு சரியாகப் பொருந்த வேண்டும். பழைய 27 அங்குல ரயருக்கு அது 630, எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிளுக்கு 635. ஒன்றுக்கு மற்றது ஆகாது.

ரயரைப் பூட்டி, ஓடும்போது இருக்கும் முழுக் காற்றையும் அடித்த பிறகே அளக்க வேண்டும். சாலைப் பந்தய வண்டிக்கு ஆகக் குறைந்தது 4 மில்லிமீற்றர் இடம் வேண்டும் என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். கருவி தேடி அலைய வேண்டாம். தளபாடம் வாங்கும்போது பெட்டிக்குள் வரும் அறுகோணச் சாவிகளில் 4 மில்லிமீற்றர் சாவி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை ரயருக்கும் சட்டகத்துக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சில்லை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். போர்க்கின் தலைக்குக் கீழே, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில், முன் பின் பிறேக்குகளின் கீழே, பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் ஒடுங்கி வரும் இடத்தில், எல்லா இடத்திலும் பாருங்கள். சில்லு கோணலாக இருந்தால் ஒரு பக்கம் இடம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. அப்போது முதலில் கம்பிகளை இழுத்துச் சில்லை நேராக்க வேண்டும். ஆள் எழும்பி நின்று மிதிக்கும்போது சில்லு சற்று வளையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சாவி இறுகினால் சட்டகத்தை அராவவோ நெளிக்கவோ போகாதீர்கள். மெல்லிய ரயரை வாங்குங்கள். நான் இப்போது போட்டிருப்பது 25. அந்த றிம்மில் அளந்தால் 26 வருகிறது. 7இல் 3 போனால் மிச்சம் 4. சாவி தாராளமாகப் போய் வருகிறது. சொகுசு கொஞ்சம் குறைவுதான். மட்காட் பூட்டவும் இடமில்லை. ஆகையால் மழை நாட்களுக்கு மகள் அகலமான ரயரோடு வேறொரு சைக்கிள் வாங்கிவிட்டாள். காய்ந்த நாளில்தான் என்னுடையது வெளியே வரும்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சாவியை எடுத்துக்கொண்டு வந்து அளக்கிறாள். நான் பக்கத்தில் நின்று சில்லைச் சுற்றிக் கொடுக்கிறேன். சென்ற மாதம், "அப்பா, பின்பக்கம் காணாது, சில்லைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பூட்டுங்கோ" என்றாள். அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு சர் சத்தம் கேட்டால், அது சைக்கிளாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், வாய் திறந்து சொல்லுங்கள், சொல்ல விடுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.