கூட இருக்க ஓர் ஆள்: பிள்ளைகளைத் திருத்தும் இல்லங்களும் சட்டமும்



வளர்ந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். புத்தகப் பையில் கஞ்சாப் பொட்டலம் அகப்படுகிறது. அல்லது ஒரு பெண்பிள்ளை ராத்திரி தூங்காமல் தனக்குள் பேசத் தொடங்குகிறாள். வீடு கலங்கிப்போகிறது. அக்கம்பக்கம் அறியக் கூடாது என்ற பயம் ஒருபக்கம், என்ன செய்வதென்று தெரியாத தவிப்பு மறுபக்கம். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் ஓர் இடத்தைச் சொல்கிறார். பணம் கட்டிச் சேர்க்கப் போகும் தாய் தகப்பனிடம் அங்கே ஒரு நிபந்தனை சொல்லப்படுகிறது: “முதல் ஒரு மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளையின் மனம் இளகிவிடும்.”

இன்று நான் பேச வந்தது இந்த நிபந்தனையைப் பற்றித்தான். இது சட்டத்துக்கு விரோதமானது. இதைச் சொல்லும் இடத்தில் பிள்ளையை விட்டுவரக் கூடாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநிலைகளும் அதன் வரம்புக்குள் அடங்கும். சித்தமருத்துவம், ஆயுர்வேதம், யோகா என்று எந்த வழியில் மனநோய்க்கு வைத்தியம் செய்தாலும், நோயாளியைத் தங்கவைத்தால் அந்த இடம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பது பற்றி 87ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் சார்பாளர், பெரும்பாலும் தாயோ தகப்பனோ, விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கத்தான் வேண்டும் என்று கருத வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: பிள்ளை உள்ளே இருக்கும் அத்தனை நாளும் சார்பாளரோ அவர் நியமிக்கும் ஆளோ கூடவே தங்கியிருக்க வேண்டும். ‘எந்தச் சூழ்நிலையிலும்’ என்று சட்டம் அழுத்திச் சொல்கிறது. பெண்பிள்ளையின் சார்பாளர் ஆணாக இருந்தால், கூடத் தங்கப் பெண்துணை கட்டாயம்.

சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். முப்பது நாள் தாண்டினால் வாரியமே ஏழு நாளுக்குள் பரிசீலிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முப்பது நாளும் அப்படியே. இவ்வளவு நல்ல சட்டம் கையில் இருக்கும்போது, “ஒரு மாதம் வராதீர்கள்” என்று ஒருவரால் கூசாமல் சொல்ல முடிகிறதென்றால், அந்தச் சட்டம் ஊருக்குள் வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

இந்தச் சட்டத்துக்கு எத்தனை உயிர் விலையாகப் போனது என்பதை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கேரளத்திலிருந்தும் நோயாளிகளை அழைத்துக்கொண்டு ஏர்வாடிக்குப் போன குடும்பங்கள் பல. 1870 முதல் இருந்துவரும் திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும், அந்தப் பெயருக்கு அஞ்சித் தொலைதூரம் போனவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. ஆனால் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவில் எழுதப்பட 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும், 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாத ஓர் ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்கப் போனபோது ஆள் அங்கே இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. அங்கிருந்தவர்கள் பெரியவர்கள். ஆனாலும் பிள்ளைகளுக்காக நாம் கற்க வேண்டியது அதில் இருக்கிறது. ஒருவர் பார்க்கப் போனார், அதனால் தெரிந்தது.

ஆதரவற்ற பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்குக் கூடத் தங்க யார் வருவார்? தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றார்கள். தணிக்கையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் பீகாரைப் பார்க்கட்டும். டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் அங்கே இல்லம் இல்லமாகப் போய்த் தந்த அறிக்கையால்தான் 2018இல் முசாபர்பூர் காப்பகம் ஒன்றில் சிறுமிகள் பட்ட கொடுமை வெளிப்பட்டது. அதை நடத்தியவருக்கு 2020இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

நம் கேரளத்தின் தலைநகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், அரசு ஆதரவில் நடக்கும் குழந்தைகள் நல அமைப்பின் காப்பகத்தில், படுக்கையை நனைத்ததற்காக இரண்டரை வயதுப் பெண்குழந்தையின் உடலைக் காயப்படுத்தியதாக மூன்று ஆயாக்கள் கைதானார்கள். குளிப்பாட்டும்போது காயத்தைக் கண்டவர் இன்னொரு ஆயா. அந்தப் பெண்ணை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையின் பாதுகாப்பு, நல்ல மனம் கொண்ட ஓர் ஆயாவின் முறை எப்போது வரும் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2020இல், சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சை எறிந்த பதினாறு வயதுப் பையனைப் பணியாளர்கள் பலர் சேர்ந்து தரையில் அழுத்திப் பிடித்தார்கள், அவன் இறந்துபோனான். சிறுவயதில் இத்தகைய இல்லத்தில் அவதிப்பட்ட நடிகை பாரிஸ் ஹில்டன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2024 டிசம்பரில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் பெற்றார்கள். அதுவும் பெரும்பாலும் ஆய்வு செய்யச் சொல்லும் சட்டம்தான். ஏட்டளவில் நாம் அவர்களைவிட முன்னால் நிற்கிறோம்.

பிறகு எங்கே ஓட்டை? முதலாவது, பெயர்ப்பலகை. கவுன்சலிங் மையம், தியான மையம், ஒழுக்கப் பயிற்சி முகாம், விடுதி என்று எழுதிக்கொண்டு, மனநலப் பராமரிப்புச் சட்டம், குழந்தைகள் இல்லங்களுக்கான இளைஞர் நீதிச் சட்டம் ஆகிய இரண்டுக்கும் நடுவே நழுவிவிட முடிகிறது. ஒரு பிள்ளையை வைத்தியத்துக்காகவோ திருத்துவதற்காகவோ ஓரிரவு தங்கவைத்தாலும் பதிவு வேண்டும், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று சட்டத்தில் வெளிப்படையாக வர வேண்டும். இரண்டாவது, தண்டனை. பதிவில்லாத குழந்தைகள் இல்லத்தை நடத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 42ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பதிவில்லாத மனநல இல்லத்துக்கோ முதல் தடவை ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் மட்டும். இந்தத் தொகை யாரையும் அச்சுறுத்தாது.

மூன்றாவது, ஆய்வு. அதுதான் எனக்கு மிக முக்கியம். இளைஞர் நீதிச் சட்டம் 54ஆம் பிரிவில், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு இல்லத்துக்குப் போக வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் புதுப் பாயும் சோப்பும் காட்டுவார்கள். வார்டன் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? சொல்லாமல் போக வேண்டும், பிள்ளைகளிடம் தனியே பேச வேண்டும், அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். யாரும் பார்க்க வராத பிள்ளைக்கு, இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் வாரம் ஒரு முறை வந்து பார்க்கும் ஏற்பாடு கட்டாயமாக வேண்டும்.

நம் ஊருக்கென்று தனியே ஒரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு இந்தப் பக்கம் நின்றது. அன்றுமுதல் நம் உறவுகள் களியக்காவிளைக்கு இருபுறமும். பாறசாலைப் பிள்ளையை மார்த்தாண்டம் பக்கத்தில் சேர்ப்பது நமக்குத் தூரமே இல்லை. ஆனால் அங்கே மறுஆய்வு வாரியம் வேறு, குழந்தைகள் நலக் குழு வேறு, கோப்பின் மொழியும் வேறு. ஒரு பக்கம் மூடப்பட்ட இல்லம் சில மைல் தள்ளி வேறு பெயரில் திறந்தால் இந்தப் பக்கத்து அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து, பதிவு உள்ளவை, ரத்தானவை, மூடப்பட்டவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் தமிழிலும் மலையாளத்திலும் ஆண்டுக்கு இரு முறை வெளியிட வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு குழந்தைகள் இல்லங்கள் மீது ஆட்சியருக்கு அதிகாரம் கூடியிருக்கிறது. கேட்டால் மறுக்கக் காரணமில்லை. இந்தக் கோரிக்கையை நம் காஞ்சிரங்குளம் ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர, இந்த மன்றத்தில் இருப்பவர்கள் கையொப்பம் இட வேண்டுகிறேன். மனுவைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன்; வாசல் மேசையில் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அதன் கீழே அச்சிட்டிருக்கிறேன்.